அரியநாச்சிக் கால் திரும்பிய போகம்

ஐப்பசி மழை ஓய்ந்து, நடவு முடிந்து, நாற்று வேர்பிடித்து வயலெல்லாம் பச்சை கட்டிய ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், அதுவரை மேற்கேயிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்த அரியநாச்சிக் கால் என்ற வாய்க்கால் கிழக்கேயிருந்து மேற்கே வரத் தொடங்கியது. அதை முதலில் கண்டவள் மேலவாய் ஊர் உச்சிமாகாளி. படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தவள், சோப்பு நுரை வழக்கம்போல இடக்கைப் பக்கம் போகாமல் வலக்கைப் பக்கம் போவதைப் பார்த்தாள். கையைத் தண்ணீருக்குள் விட்டு இழுப்பு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். அப்புறம் வலக்கைப் பக்கம் குளித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஏட்டி, இந்தப் பக்கமா வந்து குளி, அழுக்குத் தண்ணி இப்ப ஒம்பக்கம்தான் வருது" என்று சொல்லி இடம் மாற்றிவிட்டு, மிச்சத் துணியையும் அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சீலையாறு மேற்கு மலையில் பிறந்து, பாறையிலும் மணலிலும் இழுபட்டு, மேலவாய் அணைக்கட்டில் வந்து முட்டி, அங்கே தன்னில் ஒரு பங்கை அரியநாச்சிக் காலுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு தெற்கே சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற ஆறு. கால் என்பது பேருக்குத்தான் வாய்க்கால். மாட்டுவண்டி இறங்கிப் போகிற அகலம். மேலவாயில் தொடங்கி, வழியிலுள்ள குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, நடுமடை ஊரைக் கடந்து, கடைசியில் உப்போடைக் குளத்தில் போய் விழவேண்டும். விழவேண்டும் என்றுதான் சொல்லமுடியும், விழுந்தது என்று சொல்லமுடியாது. மேலவாய் குடித்து, மேலவாயின் தென்னைகள் குடித்து, வாழைகள் குடித்து, கரைநெடுக உள்ள மோட்டார்கள் குடித்து, நடுமடை தன் பங்குக்கு அள்ளிக்கொண்டு, எஞ்சியது உப்போடைக்குப் போய்ச் சேரும்போது அது தண்ணீராக இருக்காது, ஈரமாக இருக்கும். சில வருடம் ஈரமாகவும் இருக்காது.

மேலவாய்க்காரர்கள் நல்லவர்கள்தான். கோவில் கொடை விழாவுக்கு வருகிறவர்களுக்குப் பந்தி வைப்பார்கள், வழிதவறி வருகிற மாட்டைக் கட்டித் தீவனம் போடுவார்கள். ஆனால் தண்ணீருக்காக அவர்கள் யாரிடமும் கேட்டதில்லை, யாருக்காகவும் காத்திருந்ததில்லை, யாருக்கும் நன்றி சொன்னதில்லை. வாசலைத் திறந்தால் வெளிச்சம் வருவதுபோல மடையைத் திறந்தால் தண்ணீர் வந்தது. வெளிச்சத்துக்கு யார் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஊர்ப் பாசன சங்கத்துக்கு உச்சிமாகாளிதான் தலைவி. புருசன் போனபிறகு தனியாளாக நின்று வயலைப் பார்த்தவள், குரல் கொடுத்தால் அடுத்த வயக்காட்டிலிருந்து பதில் வரும். அவளும் அவள் தங்கை சுடலைவடிவும் நடுமடையில் பிறந்தவர்கள். அக்காளை மேற்கே மேலவாய்க்கும் தங்கையைக் கிழக்கே உப்போடைக்கும் கட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தையிலும் அக்காள் தங்கைக்கு ஒரு மூட்டை புது அரிசி ஏற்றிவிடுவாள். தங்கை அதை வாங்கி, தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் ஒரு படி கொடுத்து, "எங்கக்கா வெள்ளாமை" என்று சொல்லி மகிழ்வாள். கொடுப்பது மேற்கும் வாங்குவது கிழக்கும்தான் உலகத்து வழக்கம் என்று அக்காள் நினைத்திருந்தாள். அதில் கர்வம்கூட இல்லை, அவ்வளவு இயல்பாக நினைத்திருந்தாள்.

கால் திரும்புவதற்கு முந்தின நாள்தான் மேலவாய் சொசைட்டி கட்டடத்தில் கூட்டம் நடந்தது. சீலையாற்றுப் படுகை முழுவதிலும் பாசனத் தண்ணீரை எப்படிப் பெருக்கலாம், எந்த வழி நல்ல வழி என்று ஆராய்ந்து சொல்வதற்காக நிலோபர் நிஷா என்ற எஞ்சினியர் ஆவணியிலிருந்தே அங்கே தங்கியிருந்தாள். வெயிலில் அலைந்து முகம் கறுத்த, வேகமாகப் பேசாத, எதிராளி பேசி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருக்கிற பெண். அவள் தன் ஆட்களோடு காலின் ஒவ்வொரு வளைவிலும் இறங்கி அளந்திருந்தாள். கூட்டத்தில் படத்தை விரித்து வைத்து, அணைக்கட்டை உயர்த்தலாம், காலுக்குச் சிமெண்டு பூசலாம், குளங்களைத் தூர்வாரலாம், மடைக்கதவுகளை மாற்றலாம், முறைவைத்துத் தண்ணீர் விடலாம் என்று ஒவ்வொன்றாக விளக்கி, ஒவ்வொன்றிலும் யாருக்கு எவ்வளவு கூடும், யாருக்கு எவ்வளவு குறையும் என்று சொன்னாள்.

"அணைக்கட்டை ஒரு முழம் ஒசத்துங்க, அது போதும்" என்றான் கொம்பையா. மேலவாயில் உச்சிமாகாளிக்கு அடுத்தபடி பேச்சுள்ளவன் அவன்.

"ஒசத்தினா உங்க பக்கம் தேங்கும். கீழ போகுமா?" என்றாள் நிலோபர் நிஷா.

"எங்களுக்கு நிறைஞ்சா தானா வழியும்லா."

உப்போடையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் உச்சிமாகாளியின் தங்கை வடிவின் புருசன் பலவேசமும் ஒருவன். அவன் எழுந்து, "இதுவரைக்கும் வழியலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் உப்போடைக்காரர்கள் காப்பி குடிக்காமல் கிளம்பினார்கள். கூட்டம் முடிவில்லாமல் முடிந்தது. மறுநாள் காலையில் கால் திரும்பியது.

என்ன நடந்தது என்றால், மலையிலிருந்து வந்த ஆறு மேலவாய்த் தலைமடையைத் திரும்பிப் பார்க்காமல், மனஸ்தாபம் உள்ள வீட்டைத் தாண்டிப் போகிறவர்போலத் தாண்டிப் போய், தெற்கே சுற்றி, எந்த வழியாகவோ உப்போடைக் குளத்தில் ஏறி நிறைந்து, அங்கிருந்து அரியநாச்சிக் கால் வழியாக மேட்டை நோக்கி அவசரமில்லாமல் நடந்து வந்தது. உப்புப் பூத்த குளத்தில் கிடந்து வந்தாலும் தண்ணீர் இளநீர்போல இனித்தது. நிலோபர் நிஷா அன்றைக்கே மிதவையைப் போட்டு அளந்தாள். வேகம் சரியாகவே இருந்தது, திசைதான் மாறியிருந்தது. படத்தில் அம்புக்குறிகளைத் திருப்பிப் போட்டு அனுப்பியதும் மேலதிகாரி போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, அம்புக்குறியெல்லாம் தலைகீழா இருக்கே?"

"தண்ணி திரும்பியிருக்கு சார்."

"முழுசாவா?"

"முழுசாத்தான் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, பேனாவுல போடாதீங்க, பென்சில்ல போடுங்க" என்றார்.

மேலவாயும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது, பென்சிலில் போட்டதுபோல. டீக்கடையில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. பூசாரி, காலுக்குப் பேர் கொடுத்த அரியநாச்சியம்மனை வேண்டிக் காலில் பால் ஊற்றிப் பார்த்தார், பாலும் மேற்கே போனது. வாத்து மேய்க்கிறவர்கள் மந்தையைத் திருப்பி ஓட்டினார்கள். பிறகு, காலம்காலமாக மேலவாய் காலில் விட்டதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. பழைய செருப்புகள், கேரிபேக்குகள், காலி பாட்டில்கள், கல்யாண மாலைகளின் நார், உடைந்த பிளாஸ்டிக் குடங்கள், ஒரு கட்டில் கால், செத்த வீட்டுப் பாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து தலைமடையில் மலைபோல் ஒதுங்கின. ஊரே இறங்கி அள்ளியது. அள்ளும்போது ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சாமானை அடையாளம் கண்டார்கள், கண்டும் சொல்லாமல் கூடையில் போட்டார்கள். தனக்குப் பேறுகாலத்தில் தைத்த சிவப்புப் பூப்போட்ட தலையணை உறை பாசி பிடித்து வந்து ஒதுங்கியபோது உச்சிமாகாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இதெல்லாம் இத்தனை காலம் எங்கே போயிருந்தது என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. எங்கேயும் போகவில்லை, உப்போடைக்குத்தான் போயிருந்தது.

கார்த்திகையிலும் மார்கழியிலும் மழை அவ்வப்போது கைகொடுத்ததால் மேலவாய்க்குப் பெரிதாக ஒன்றும் உறைக்கவில்லை. ஆனால் சுற்றுவட்டாரம் மாறிக்கொண்டிருந்தது. பெண்கொடுக்க யோசிக்கிற ஊராக இருந்த உப்போடைக்குத் தரகர்கள் குடையோடு போய் வந்தார்கள். பஸ் கண்டக்டர் உப்போடை நிறுத்தத்தில் "தலைமடை இறங்கு" என்று கூவினான், யாரும் சிரிக்கவில்லை. உப்போடைக்காரர்களுக்குத்தான் ஆரம்பத்தில் திண்டாட்டம். தண்ணீர் வந்தால் எப்படித் திறப்பது என்று அவர்களுக்குத் தெரியும், போதுமென்றால் எப்படி அடைப்பது என்று தெரியாது. அடைக்கிற அளவுக்கு வந்ததே இல்லை. வயல் நிறைந்து வரப்பு முழுகி வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றபோது பெண்கள் அதை வெளியேற்ற மனமில்லாமல் அடுப்பைத் திண்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு சமைத்தார்கள். தவளைச் சத்தம் கேட்டுப் பழக்கமில்லாத குழந்தைகள் அழுதன. இதையெல்லாம் வடிவு போனில் அக்காளுக்குச் சொல்லிச் சிரித்தாள். "அக்கா, எங்க வீட்டு நடையில மீனு வருதுக்கா" என்றாள். உச்சிமாகாளியும் சிரித்தாள். மனம் நிறைந்துதான் சிரித்தாள்.

தை பிறந்தது. பயிர் பொதி தள்ளி, கதிர் எட்டிப் பார்த்து, பால் பிடிக்கிற பருவம். மழை நின்றுவிட்டது. உப்போடை குடித்தது, நடுமடை குடித்தது, கரைநெடுக உள்ள மோட்டார்கள் குடித்தன. மேலவாய்க்கு வந்து சேர்ந்தபோது அது தண்ணீராக இல்லை, ஈரமாக இருந்தது.

முதலில் வரப்போரம் நுனி சுருண்டது. பிறகு நடுவயலில் நிலம் வாய் பிளந்தது. ஊரார் தலைமடைக்குப் போய்ப் போய்ப் பார்த்தார்கள். இரும்புக் கதவுகளும் திருகுச் சக்கரங்களும் ஜோராக இருந்தன, ஆனால் எல்லாம் மேற்கேயிருந்து வருகிற தண்ணீரைத் தடுத்து நிறுத்தச் செய்தவை, கிழக்கேயிருந்து வராத தண்ணீரைக் கொண்டுவரச் செய்தவை அல்ல. உச்சிமாகாளி ஒரு மத்தியானம் வரப்பில் நின்றபோது, காற்று வீசி, பயிர் ஒன்றோடொன்று உரசியது. பச்சைப் பயிர் உரசினால் சேலை உரசுகிற சத்தம் வரும். இது காகிதம் உரசுகிற சத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கொம்பையா ஆட்களைக் கூட்டினான். "நடுமடைக்குப் போயி மோட்டாருக்க வயரெல்லாம் அத்து வீசுவோம். வாரது வரட்டும்" என்றான். சிலர் மண்வெட்டியோடே வந்திருந்தார்கள்.

"ஒருத்தரும் போகக்கூடாது" என்றாள் உச்சிமாகாளி. "நான் போயிக் கேட்டுட்டு வாரேன்."

கேட்டுவிட்டு வருகிறேன் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் ஊரே அவளைப் பார்த்தது. அந்த ஊரில் தண்ணீரைப் பற்றி அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மறுநாள் நிலோபர் நிஷா அளவெடுக்கக் கிழக்கே போனாள். உச்சிமாகாளி ஜீப்பில் ஏறிக்கொண்டாள். கரைமேல் போகப் போக, நீல நிறக் குழாய்கள் காலுக்குள் வாய்வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒரு வளைவு தாண்டினால் ஒன்று, ஒரு புளியமரம் தாண்டினால் ஒன்று.

"இம்புட்டு மோட்டாரா வச்சிருக்கானுவ?" என்று கொதித்தாள்.

"உங்க ஊர்ல இதைவிட அதிகம்மா" என்றாள் நிலோபர் நிஷா, பாதையைப் பார்த்தபடியே.

"எங்க ஊரு மோட்டாரு எங்களுக்குத் தெரியாதா..." என்று தொடங்கிய உச்சிமாகாளி பாதியில் நிறுத்திக்கொண்டாள். நடுமடை தாண்டும்வரை குழாய்களை எண்ணிக்கொண்டே வந்தாள். அப்புறம் கேட்டாள். "அணைக்கட்டை ஒசத்தினா இப்ப எங்களுக்குத் தண்ணி வருமா?"

"வராதும்மா. இப்ப ஒசத்தினா உங்களுக்கு இன்னும் ஏறாது."

"அப்ப என்னதான் செய்யலாம்?"

"அதைத்தான் நானும் ஆவணியிலிருந்து எல்லார்ட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன். இப்பத்தான் திருப்பி என்கிட்ட ஒருத்தங்க கேக்கிறீங்க."

உப்போடை அவள் அறிந்த உப்போடையாக இல்லை. வெள்ளை வெளேரென்று கிடந்த பொட்டல், கண்கூசும் பச்சையாக இருந்தது. கதிர் தலைசாய்த்து நின்றது. வடிவு இடுப்பளவுப் பயிருக்குள்ளிருந்து எழுந்து, அக்காளைக் கண்டதும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வெயிலில் வதங்கியே பார்த்திருந்த முகம், சதைபிடித்து, மினுமினுவென்று, சின்ன வயதில் இருந்த முகமாக ஆகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் உச்சிமாகாளி வந்த காரியத்தை மறந்து தங்கையின் கன்னத்தைத் தடவினாள்.

"தண்ணி ஒனக்கு ஒத்துக்கிட்டு" என்றாள்.

"ஒங்க பக்கம் எப்படிக்கா இருக்கு?"

உச்சிமாகாளி தங்கையின் வயலில் ஒரு கதிரை இழுத்துக் கையில் தடவிப் பார்த்தாள். வடிவுக்கு அது போதுமானதாக இருந்தது.

பொழுது சாயுமுன் குளத்தங்கரை ஆலமரத்தடியில் ஊர் கூடியது. உச்சிமாகாளி நின்றுகொண்டு கேட்டாள். கேட்டுப் பழக்கமில்லாததால் அவள் குரல் உத்தரவுபோலத்தான் வந்தது. "ஒரு முறை தண்ணி விடணும். கதிரு பால் பிடிக்கிற நேரம்." சொல்லிவிட்டு, ஏதோ குறைகிறது என்று தெரிந்து, "விடுவியளா" என்று சேர்த்தாள்.

பலவேசம் எழுந்தான். மரியாதை குறையாமல்தான் பேசினான். "மைனி, ஒங்ககூடப் பொறந்தவ என் வீட்டுலதான் இருக்கா. ஒங்க மேல எனக்குக் கோவம் கெடையாது. ஆனா நான் பொறந்ததுலேருந்து எங்கப்பன் வயலு விளைஞ்சு பாத்ததில்ல. இந்த ஒரு வெள்ளாமைதான். இது நாளைக்கே திரும்பி ஒங்க பக்கம் போயிட்டா, நீங்க விடுவியளா?"

கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று சத்தம் எழுந்தது. உச்சிமாகாளி விடுவோம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் காலையில் கண்ட நீலக் குழாய்கள் கண்ணுக்குள் நின்றன. "தெரியல" என்றாள். "நான் விடுவேன்னுதான் நெனைக்கேன். ஊரு விடுமான்னு தெரியல."

அப்போது பெண்கள் பக்கமிருந்து வடிவு பேசினாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"காஞ்ச பயிரு காத்துல ஒரு சத்தம் போடும். நம்ம எல்லாருக்கும் அது தெரியும். ராத்திரி கதவைச் சாத்திட்டுப் படுத்தாலும் கேக்கும். பிள்ளைக்குப் பால் குடுக்கும்போது கேக்கும். அதைக் கேட்டுக்கேட்டுத்தான் எனக்குத் தலைமுடி நரைச்சுது. எங்கக்காவுக்கு அந்தச் சத்தம் வேண்டாம். யாருக்கும் வேண்டாம். அது நம்மளோட போகட்டும்."

பலவேசம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டான். "காலையில மடையை அடைப்போம்" என்றான். அவ்வளவுதான் முடிவு.

அடைப்பதற்கு உப்போடையில் கதவுகள் இல்லை. விடிந்ததும் ஊரே திரண்டு, உரச்சாக்குகளில் மண் நிரப்பி, வைக்கோல் பிரி திணித்து, சாக்கு போதாத இடத்தில் ஆட்களே தோளோடு தோள் சேர்ந்து நின்று, வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாமடைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். வயலுக்குள் போக வழியில்லாத தண்ணீர் காலுக்குள் ஏறி, மேற்கே பார்த்து, நடக்க ஆரம்பித்தது. ஜீப் வேண்டாமென்று சொல்லிவிட்டு உச்சிமாகாளி கரைமேல் அதோடு நடந்தாள்.

தண்ணீரின் முன்நுனி ஆள் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. காய்ந்த சருகைத் தூக்கிக்கொண்டு, எறும்புகளை மிதக்கவிட்டு, வெடிப்புகளில் இறங்கிக் குமிழிவிட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று நிரம்பி, மறுபடி கிளம்பி வந்தது. அது நின்றால் அவளும் நின்றாள், அது நடந்தால் அவளும் நடந்தாள். பள்ளத்தில் தேங்கிக் கிடந்ததை உறிஞ்சுகிற மோட்டார் சத்தம் கேட்கிற இடத்திலெல்லாம் வயலுக்குள் இறங்கி, "அய்யா, இந்த ஒரு தடவை நிறுத்துங்க, மேலவாய் வரைக்கும் போகட்டும்" என்று கேட்டாள். முதல் ஆளிடம் கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலைந்து பேரைத் தாண்டியபிறகு இளகிவிட்டது. பெரும்பாலும் நிறுத்தினார்கள். மேலவாய்ச் சங்கத் தலைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தே சிலர் கேட்காமல் நிறுத்தினார்கள்.

நடுமடையில் ஒருவன் நிறுத்தவில்லை. மோட்டார் கொட்டகை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"போன போகம் ஒங்க மடைக்கு முன்னால நான் வந்து நின்னேன். நெனப்பிருக்கா?" என்றான்.

உச்சிமாகாளி அவனை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு பார்த்தும் நினைவு வரவில்லை. "இல்லையே அய்யா. நான் என்ன சொன்னேன்?"

"சோறு தின்னுக்கிட்டு இருக்கேன், பெறவு வான்னீங்க."

தண்ணீர் அவன் குழாயின் வாயருகே வந்துவிட்டது. அவள் அதைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கொஞ்ச நேரம் அவள் பாதங்களைப் பார்த்தான். முள் கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது. எழுந்து உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தான்.

"நீங்க சாப்பிட்டியளா?" என்றான்.

அவள் தலையாட்டினாள், இல்லையென்று. அவன் தூக்குவாளியைத் திறந்து பாதிக் கஞ்சியை மூடியில் ஊற்றிக் கொடுத்தான். அதைக் குடிக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பி, மாட்டைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டான்.

வெயில் தாழ்ந்தபோது தண்ணீர் மேலவாய்க்குள் நுழைந்தது. ஊர் கரையில் வரிசையாக நின்றது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம், தாகத்தில் ஒருவர் மடக்குமடக்கென்று குடிக்கிற சத்தம், வயலுக்கு வயல் கேட்டது. கொம்பையா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டான். இத்தனை வருடம் அந்தத் தண்ணீரில் குளித்தவன், அதை ருசி பார்ப்பது அதுவே முதல் தடவை.

நன்றி சொல்லவேண்டும் என்று ஊருக்குத் தெரிந்தது, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யோசித்து, ஒரு டிராக்டர் நிறைய வாழைத்தாரும் தேங்காயும் மடையடைக்கப் பனம்பலகைகளும் ஏற்றிக்கொண்டு உப்போடைக்குப் போனார்கள். பேசும் பொறுப்பு கொம்பையாவுக்கு. வழிநெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவன், பலவேசத்தின் முன்னால் நின்றதும் எல்லாவற்றையும் மறந்து, "நல்லாருக்கியளா?" என்றான்.

"நல்லாருக்கோம்" என்றான் பலவேசம்.

பிறகு காப்பி வந்தது, குடித்தார்கள். திரும்பும்போது டிராக்டரில் வடிவு ஒரு மூட்டை ஏற்றிவைத்தாள். முதலில் அறுத்த வயலின் நெல். உச்சிமாகாளி அதை மேலவாய்த் தெருவில் வீட்டுக்கு ஒரு படியாக அளந்து, "எந்தங்கச்சி வெள்ளாமை" என்று சொல்லிக் கொடுத்தாள். சொல்லச் சொல்ல, இத்தனை வருடம் தங்கை எப்படி மகிழ்ந்தாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. தன்னுடையதைக் கொடுப்பதைவிட, வாங்கிக் கொடுப்பது பெரிய மகிழ்ச்சியாக இருந்தது.

மேலவாய் முக்கால் விளைச்சல் கண்டது. அறுப்பு முடிந்த பங்குனியில் நிலோபர் நிஷா மறுபடி கூட்டம் போட்டாள், இந்தத் தடவை எல்லாருக்கும் சமதூரமான நடுமடையில். அதே படத்தை விரித்து, அதே வழிகளைச் சொன்னாள். ஆனால் அணைக்கட்டை உயர்த்தச் சொல்லி யாரும் பேசவில்லை. இனி எந்த போகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லாததால், ஒவ்வொருவரும் தன்னை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்துப் பேசவேண்டியிருந்தது.

"கடைசியில இருக்கவனுக்கு மொத முறை" என்றான் கொம்பையா.

"எது கடைசி?" என்று கேட்டாள் எஞ்சினியர்.

"அந்த போகத்துல எது கடைசியோ அது."

இடையிலுள்ள குளங்களை ஊர் ஊராக ஆட்கள் கூடித் தூர்வாருவது, தண்ணீர் மண்ணுக்குள் ஓடிவிடுகிற மணல் துண்டில் மட்டும் சிமெண்டு பூசுவது, மோட்டார்களுக்கு முறை வைப்பது, இரண்டு பக்கமும் பார்க்கிற மடைக்கதவுகள் போடுவது என்று ஒவ்வொன்றாக முடிவாயிற்று. நிலோபர் நிஷா கடைசியில் எழுந்து நன்றி சொல்ல வந்தாள். "நான் நாலு ஆத்துப் படுகையைப் பாத்துட்டேன்" என்றாள். "எங்கேயும் இப்படிக் கூட்டம் முடிஞ்சதில்ல." மேலதிகாரி போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பார்க்கிற கதவு என்று வரும்போது மட்டும் கொஞ்சம் இழுத்தார். பிறகு, "செலவு ஒண்ணும் பெரிசா கூடாதே? அப்ப பேனாவுலயே போடுங்க" என்றார்.

கோடை முழுவதும் வேலை நடந்தது. மேலவாய் ஆட்கள் உப்போடைக் குளத்தில் மண் சுமந்தார்கள், உப்போடைப் பெண்கள் மேலவாய்க்கு வந்து கரை மிதித்தார்கள். புரட்டாசி வந்தது, மலையில் மழை பெய்தது.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று சேதி வந்த காலையில், கால் நெடுகிலும் சனம் கரையில் காத்து நின்றது. கிழக்கே இருந்தவர்களும் மேற்கே இருந்தவர்களும் ஒரேமாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உச்சிமாகாளியும் வடிவும் நடுமடையில், தூர்வாரிச் சுத்தமாகக் கிடந்த காலின் நடுவில் இறங்கி, ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். அக்காள் முகம் மேற்கே, தங்கை முகம் கிழக்கே. யார் பக்கம் முதலில் வருகிறதோ அவர்கள் சொல்லவேண்டும் என்பது பேச்சு. வெயில் ஏறியது. வடிவு வெற்றிலை மடித்துத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள், அக்காள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள், மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள், பேச்சு குறைந்து, இருவருக்கும் கண் சொக்கியது.

கரையிலிருந்தவர்களின் கூச்சலில் விழித்தபோது மணல் ஈரமாகி, சேலை ஈரமாகி, இடுப்பைச் சுற்றிக் குளிர்ச்சியாகத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

"எந்தப் பக்கத்துலேருந்து வந்துதுட்டி?" என்றாள் உச்சிமாகாளி.

"நான் பாக்கலையேக்கா. நீ பாக்கலையா?"

"நானும் பாக்கல."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து எழுந்து, நனைந்த சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்தபடி கரையேறினார்கள்.